உங்ககிட்ட இல்லீங்க

கம்பெனியை விற்றாகிவிட்டதா இல்லையா என்று கேட்டவர்களை, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னது நிர்வாகம். புதன்கிழமைதோறும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மாடியில் கூட்ட அறையில் ஒரு மணி நேரம் வகுப்பு. 'நிச்சயமற்ற காலத்தில் தன்னை அறிதல்' என்று கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதைப் படித்துவிட்டுப் பஞ்சு உதட்டைப் பிதுக்கினாள். காலம் நிச்சயமில்லை என்று அவர்களே ஒத்துக்கொண்ட பிறகு, எது நிச்சயமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லித் தொலைத்தால் என்னவாம்?

பஞ்சு என்பது அவளுடைய பெயர் இல்லை. நகரத்துக் கட்டடங்களில் லிஃப்ட் பராமரிக்கும் அந்தக் கம்பெனியின் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர். லிஃப்ட் நடுவழியில் நின்று, உள்ளே மாட்டிக்கொண்டவர் மணிப் பொத்தானை அழுத்தினால் அழைப்பு நேராக இந்த அறைக்கு வரும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவரோடு பேசிக்கொண்டிருப்பதுதான் இங்கே வேலை. உள்ளே எத்தனை பேர், விளக்கு எரிகிறதா, கதவைக் கையால் நெம்பாதீர்கள், காற்று வரும், தரையில் உட்காருங்கள், நான் லைனில்தான் இருக்கிறேன். எல்லோரும் இதையேதான் சொன்னார்கள். ஆனால் அவள் சொல்லும்போது மட்டும் அலறிக்கொண்டிருந்தவர்கள் அடங்கினார்கள். சுவரில் முட்டிக்கொண்டிருந்த ஓர் ஆள், மெக்கானிக் வந்து கதவைத் திறந்த பிறகும், "அந்தம்மா பேசி முடிக்கட்டும்" என்று வெளியே வராமல் நின்றானாம். பக்கத்து நாற்காலிக்காரன் இப்படிச் சொல்லித் திரிந்தான். அவன் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்ள வேண்டும். அந்த மெத்தென்ற குரலுக்குப் பஞ்சு என்று பெயர் வைத்தவனும் அவன்தான். பதிலுக்கு அவனுடைய தொண்டைக்கு ஏற்றபடி வெண்கலம் என்று அவள் வைத்தாள்.

கம்பெனி கைமாறப் போகிறது என்ற பேச்சு மழைக்காலத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. காப்பி மெஷின் பழுதுபார்க்கப் போனது, திரும்பவில்லை. கைப்பிடி உடைந்த நாற்காலிக்கு வேறு கேட்டால் "பார்க்கலாம்" என்றார்கள். மேனேஜர் தன் அறையில் இருந்து பேசுவதை விட்டுவிட்டு, வண்டி நிறுத்துமிடத்துக்குப் போய்த் தூணுக்குப் பின்னால் நின்று போன் பேசினார். ஒருநாள் யாரோ இரண்டு பேர் கோட்டு போட்டுக்கொண்டு வந்து, அறையின் நீள அகலத்தை அளந்துகொண்டு போனார்கள்.

"கட்டிலுக்கு அளந்தாங்களா, சவப்பெட்டிக்கு அளந்தாங்களான்னு தெரியலையே பஞ்சக்கா" என்றான் வெண்கலம்.

அவள் நேராக மேனேஜரிடமே போய்க் கேட்டாள்.

"எனக்குத் தெரிஞ்சா உங்ககிட்ட சொல்ல மாட்டேனாம்மா?" என்றார் அவர்.

சொல்ல மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அவள் அப்படித் தெரிந்து வைத்திருக்கிறாள் என்பது அவருக்கும் தெரியும்.

வீட்டில் இதைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற மனிதர். சத்தமாகக் கதவு அடித்தாலே நெஞ்சில் கை வைப்பவர். மகளுக்குப் பள்ளியில் கடைசி வருஷம். இரண்டு பேரையும் எதற்குக் கலவரப்படுத்த வேண்டும், எல்லாவற்றையும் தானே சுமந்துகொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைப்பதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பாரத்தை யாருக்கும் தெரியாமல் சுமக்கிறோம் என்ற பெருமை. ஆனால் அந்தப் பாரம் எந்த வழியாகவெல்லாம் வெளியே ஒழுகிக்கொண்டிருந்தது என்பதை அவள் பார்க்கவில்லை.

வகுப்பு எடுக்க வந்தவர் ஒல்லியான மனிதர். தோளில் லேப்டாப் பை, கழுத்தை இறுக்கிய சட்டை. முதல் நாளே வெண்கலம் அவருக்கு மூச்சு சார் என்று பெயரிட்டுவிட்டான். நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொல்லி, கண்களை மூடச் சொல்லி, "இப்ப உங்க உடம்புல எங்க இறுக்கமா இருக்குன்னு பாருங்க" என்றார்.

"இடுப்புல சார். சாப்பாடு கொஞ்சம் அதிகமாயிடுச்சு" என்றான் வெண்கலம்.

சிரிப்பு அடங்கியதும் அவர் பஞ்சுவைப் பார்த்தார். "உங்களுக்கு மேடம்?"

"எங்கயும் இல்ல. நல்லாத்தான் இருக்கேன்."

"பல்லை ரொம்பக் கடிச்சிட்டிருக்கீங்களே."

"அது என் முக அமைப்பு சார்."

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். அவளுக்கு எரிச்சலாக வந்தது. காய்ச்சலுக்கு மருந்து கேட்டால் நகத்தை வெட்டிக்கொள் என்கிறவரிடம் என்ன பேசுவது? வேலை இருக்குமா போகுமா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்களிடம், இந்தக் கணத்தில் இருங்கள் என்றார். இந்தக் கணத்தில்தான் சார் இருக்கிறோம், அடுத்த மாதத்தில்தான் இருப்போமா என்று தெரியவில்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. மேனேஜர் மூலையில் கண்ணை மூடிக்கொண்டு, எல்லோரையும்விட ஆழமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

அது நடந்தது இரண்டு மூன்று வகுப்புகளுக்குப் பிறகு. நிதானமாகப் பேசுவது எப்படி என்று காட்ட, மூச்சு சார் மேனேஜரிடம் நல்ல அழைப்புப் பதிவு ஒன்று கேட்டிருக்கிறார். மேனேஜர் பஞ்சுவுடையதை எடுத்துக் கொடுத்திருக்கிறார். "நம்ம ஆபீஸ்லயே ஒரு பாடம் இருக்கு, வெளியே தேட வேண்டாம்" என்று மூச்சு சார் சொன்னபோது, மறைக்கப் பார்த்தும் அவள் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்துவிட்டது.

பதிவு ஓடத் தொடங்கியது. மழைக்கால அழைப்பு ஒன்று. மாட்டிக்கொண்டவன் ஓர் இளைஞன். குரல் உடைந்து உடைந்து வந்தது. அன்றைக்கு அவனுக்கு நேர்காணல், மேல்மாடியில் அவனுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்கள், லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது.

"பதட்டப்படாதீங்க தம்பி" என்றது பதிவில் அவளுடைய குரல். "நீங்க வந்து சேர்ந்துட்டீங்க, லிஃப்ட்தான் தாமதம்னு அவங்களுக்கு நானே சொல்ல வைக்கிறேன். கழுத்துப் பட்டனைத் தளர்த்திக்கோங்க. கீழே உட்காருங்க. சட்டை கசங்கினா பரவாயில்ல, ஆள் கசங்கக் கூடாது."

வட்டத்தில் இருந்தவர்கள் ரசித்துத் தலையாட்டினார்கள். "கவனிங்க, வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவுல எவ்வளவு இடம் விடறாங்க" என்ற மூச்சு சார், அதைப் பலகையில் எழுதத் திரும்பினார். பதிவு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இளைஞன் அமைதியாகிவிட்டான். பிறகு ஒரு கைப்பேசியின் அதிர்வு கேட்டது.

"என்ன?"

அதுவும் அவள் குரல்தான். ஆனால் அரிவாள்மணையில் எதையோ இழுத்த மாதிரி இருந்தது.

"வேலை நேரத்துல கூப்பிடாதேன்னு எத்தனை தரம் சொல்றது? ... சாவியை மறந்தியா? தலையை மட்டும் எப்படி ஞாபகமா எடுத்துட்டுப் போனே? ... மழை பெஞ்சா ஓரமா நில்லு, கரைஞ்சா போயிடுவே? ... அது என்ன இன்னொண்ணு? உனக்கு எப்பப் பார்த்தாலும் ஒரு இன்னொண்ணு இருக்கும். எனக்கு இங்க உயிர் போகுது. வை."

பிறகு இளைஞனின் குரல், தயங்கித் தயங்கி: "மேடம்... என்னையா சொன்னீங்க?"

"ஐயையோ, உங்ககிட்ட இல்லீங்க. அது வீட்ல. நீங்க சொல்லுங்க தம்பி, மூச்சு நல்லா வருதா?" பஞ்சுக் குரல் திரும்பி வந்துவிட்டது. நடுவே ஒரு இழை இடைவெளிகூட இல்லை.

"வருது மேடம். அவங்களைக் கவனிங்க. மழையில நிக்கிறாங்க போல. நான் இருந்துக்கறேன்."

"அது கிடக்கட்டும். நீங்கதான் முக்கியம்."

மூச்சு சார் பாய்ந்து வந்து நிறுத்தினார். எதற்கும் ஒரு வார்த்தை வைத்திருக்கும் வெண்கலம், குனிந்து ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தான். அதுதான் அவளை அதிகம் குத்தியது. அவன் ஏதாவது சொல்லிச் சிரித்திருந்தால் தாங்கியிருப்பாள்.

"யாரைக் கேட்டு இதைப் போட்டீங்க?"

"சாரி மேடம். நான் முதல் பாதிதான் கேட்டேன்..."

அவள் மேனேஜர் பக்கம் திரும்பினாள். "கம்பெனி என்ன ஆகப்போகுதுன்னு கேட்டா வாயில கொழுக்கட்டை. நான் என் வீட்ல பேசினதை மட்டும் ஊரைக் கூட்டிப் போட்டுக் காட்டுவீங்க. நல்லாயிருக்கு சார், உங்க நியாயம்."

எழுந்து வெளியே வந்துவிட்டாள். படிக்கட்டுவரை கோபம் அவளைத் தாங்கிக்கொண்டு வந்தது. படிக்கட்டில் அது கைவிட்டுவிட்டது. ஜன்னலை ஒட்டிய படியில் உட்கார்ந்தாள். கத்தியது பெரிய விஷயமில்லை, எந்த வீட்டில்தான் கத்தவில்லை என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அது எடுபட்டது. ஆனால் அந்தப் பையன்? இருட்டுப் பெட்டிக்குள் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தவன், முகம் தெரியாத யாரோ மழையில் நிற்பதை நினைத்திருக்கிறான். அவன் அப்படிச் சொன்னது அவளுக்கு நினைவிலேயே இல்லை. காதில் விழுந்திருக்கிறது, பதிலும் சொல்லியிருக்கிறாள், மனதில் மட்டும் விழவில்லை.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மூச்சு சார் இறங்கி வந்தார். இரண்டு படி தள்ளி நின்றார்.

"என் தப்புதான் மேடம். முழுசாக் கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தா?"

"போட்டிருக்க மாட்டேன்."

அவர் போகாமல் நின்றார். பிறகு அவரும் படியில் உட்கார்ந்தார்.

"நான் ஒரு பேங்க்ல இருந்தேன். ஆளைக் குறைச்சாங்க. அப்புறம் ஒரு கோர்ஸ் படிச்சிட்டு இதுக்கு வந்தேன். இந்தக் கம்பெனி என்ன ஆகும்னு உண்மையிலேயே எனக்குத் தெரியாது. என்னையும் மாசா மாசம்தான் கூப்பிடறாங்க."

"நீங்க சொல்லிக் குடுக்கறதெல்லாம் உங்க வீட்ல எடுபடுதா?"

அவர் யோசித்தார். "மூச்சுன்னு நான் வாயைத் திறந்தாலே எழுந்து அடுத்த ரூமுக்குப் போயிடறாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாது என்று நினைத்ததால் அது இருமலாக வெளியே வந்தது. அவரிடம் மேற்கொண்டு உபதேசம் எதுவும் இல்லை. பஸ் வந்துவிடும் என்று எழுந்து போய்விட்டார்.

தன்னை அறிந்தால் நிம்மதி வரும் என்று கதவில் ஒட்டிய தாளில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது. அவளுக்கு வந்தது தலைவலி. அன்றிலிருந்து அவள் பேசுவது எல்லாம் அவளுக்கே கேட்க ஆரம்பித்தது. "தட்டை ஏன் இங்க வச்சீங்க, இது என்ன தட்டு வைக்கிற இடமா" என்று கணவரிடம் சொல்லும்போது, பாதி வாக்கியத்தில் அதே குரல், அதே அரிவாள்மணை. பஸ்ஸில் இடித்தவனிடம், கடையில் மீதி கொடுக்கத் தாமதித்தவளிடம், திறக்க வராமல் ஒட்டிக்கொண்ட குளிர்பெட்டிக் கதவிடம்கூட. கேட்டதே தவிர நிறுத்த முடியவில்லை. முன்பெல்லாம் கத்தினால் கத்தியதோடு போயிற்று, ஒரு வாய்த் தண்ணீர் குடித்தால் ஆறிவிடும். இப்போது கத்தவும் கத்தி, அதைக் கேட்கவும் கேட்டு, இரட்டைச் செலவு. இந்த அறிவு இல்லாமலே நன்றாகத்தானே இருந்தோம் என்று மூச்சு சார் மேல் இன்னும் கோபம் வந்தது.

ஒரு மாலை, சரி, முயன்றுதான் பார்ப்போமே என்று, சாப்பாட்டு மேஜையில் புத்தகத்தைப் பரப்பிக்கொண்டிருந்த மகளின் எதிரே போய் உட்கார்ந்தாள். குரலை மெதுவாக்கிக்கொண்டாள்.

"என்ன கண்ணு, எப்படி இருக்கே? ஏதாவது பேசணும்னா சொல்லு. நான் இங்கதான் இருக்கேன்."

மகள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். "எதுக்கும்மா லிஃப்ட் குரல்ல பேசறே? நான் எங்கயும் மாட்டிக்கல."

சமையலறையில் கணவர் களுக்கென்று சிரித்தார். அவ்வளவுதான், பழைய குருடி கதவைத் திறடி. "ஆமா, உங்களுக்கு நல்லபடியாப் பேசினாலும் குத்தம், கத்தினாலும் குத்தம். நான் ஊமையாப் போயிடறேன், நிம்மதியா இருங்க" என்று எழுந்தவள், மேஜையில் கிடந்த கரண்டியை எடுத்துப் பாத்திரத் தொட்டியில் எறிந்தாள். அது போன வேகத்தில் ஒரு கண்ணாடித் தம்ளர் உடைந்தது. மகள் புத்தகங்களை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கணவர் துடைப்பத்தோடு வந்து, ஒன்றும் பேசாமல் சில்லுகளைக் கூட்டினார். அந்தப் பேசாமைதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, உலர்ந்த துணிகளைக் கட்டிலில் குவித்து மகளும் அவளும் மடித்துக்கொண்டிருந்தார்கள். வேலை செய்யும்போது முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் பேச்சு கொஞ்சம் சுலபமாக வந்தது. ஒரு சட்டையின் கையை நீவிக்கொண்டே அவள் கேட்டாள்.

"மழைக்காலத்துல ஒருநாள் சாவி இல்லாம வெளியே நின்னியே, ஞாபகம் இருக்கா? போன்ல இன்னொண்ணுன்னு ஏதோ சொல்ல வந்தே. என்ன அது?"

"இப்ப எதுக்கு அது?"

"கேக்கறேன், சொல்லேன்."

மகள் தலையணை உறைக்குள் கையை விட்டுத் திருப்பினாள். "என் கிளாஸ்ல ஒருத்தியோட அப்பா உங்க கம்பெனில மெக்கானிக். கம்பெனியை வித்தாச்சு, போன் பேசறவங்க ரூமை மூடப்போறாங்கன்னு அன்னைக்கு அவ சொன்னா. அதைக் கேக்கத்தான் கூப்பிட்டேன்."

பஞ்சுவின் கை நின்றது. "அப்ப உனக்கு அன்னைலேருந்தே தெரியுமா?"

"தெரியும்."

"அப்பாவுக்கு?"

"அன்னைக்கே சொல்லிட்டேன்."

வாசலில் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்த கணவரைக் கூப்பிட்டாள். அவர் செருப்பும் கையுமாக வந்து நின்றார்.

"உங்களுக்குத் தெரியுமாங்க?"

"எது?"

"கம்பெனி விஷயம்."

அவர் மகளைப் பார்த்தார், துணிக் குவியலைப் பார்த்தார். "தெரியும்."

"ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"நீ ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"உங்களைப் பயமுறுத்த வேண்டாம்னுதான் சொல்லல. நீங்க ஏன் கேக்கல?"

"கேட்டா நீ கத்துவே."

"நான் எங்க கத்தறேன்?" என்று அவள் கத்தினாள். எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு தலை தெரிந்து மறைந்தது.

யாரும் சிரிக்கவில்லை. அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். இத்தனை நாளாக யாருக்கும் தெரியாமல் சுமந்ததாக நினைத்த மூட்டை, வீட்டு நடுக்கூடத்தில் எல்லோரும் தாண்டித் தாண்டிப் போகும்படி கிடந்திருக்கிறது. இடறியது அவள் மட்டும்தான்.

"அதுக்காகத்தான்மா நான் அப்ளிகேஷன் போடல" என்றாள் மகள் திடீரென்று.

"எந்த அப்ளிகேஷன்?"

"கால்நடை மருத்துவம். வெளியூர் காலேஜ். ஹாஸ்டல்ல தங்கணும். உனக்கு வேலை போயிட்டா எப்படின்னு... கடைசித் தேதி போயிடுச்சு."

சின்ன வயதிலிருந்து தெருவில் நொண்டுகிற நாய்க்கெல்லாம் கட்டுப் போட்டு, வீட்டில் வசவு வாங்கியவள். வேறு எதைப் படிப்பாள் என்று யாரும் நினைத்தே பார்த்ததில்லை. யாரும் அவளைக் கேட்டதும் இல்லை. விண்ணப்பம் போட்டிருப்பாள் என்று பஞ்சு தானே முடிவு செய்துகொண்டு, போட்டாயா என்று கேட்பதற்குப் பதிலாக, படிக்கிறாயா படிக்கிறாயா என்று மட்டும் விரட்டிக்கொண்டிருந்தாள்.

உள்ளே கொதித்து வந்தது. முட்டாளே, யார் உன்னை இவ்வளவு தியாகம் செய்யச் சொன்னது, ஒரு வார்த்தை கேட்க வாயில்லையா? அத்தனையும் தொண்டைக்குழி வரை வந்துவிட்டது. கேட்க வந்தவளைத்தான் 'வை' என்று சொன்னோம் என்பதும் கூடவே வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால் எதையும் சொல்ல முடியவில்லை. மடியில் இருந்த சட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் வந்தது வேறு ஏதோ.

"எனக்குப் பயமா இருக்குடி."

அது பஞ்சுக் குரலும் இல்லை, அரிவாள்மணையும் இல்லை. கரகரவென்று, அவளுக்கே பழக்கமில்லாத குரல்.

"இந்த வயசுல வேற எவன் வேலை குடுப்பான்னு பயமா இருக்கு. தினமும் அந்த மேனேஜர் மூஞ்சியைப் பார்த்து இன்னைக்கா நாளைக்கான்னு கணக்குப் போட்டே செத்துட்டேன். வீட்டுக்கு வந்தா உங்க மேல விழறேன். தெரியுது. தெரிஞ்சும் விழறேன்."

மகள் உடனே ஓடி வந்து கட்டிக்கொள்ளவில்லை. அப்படிப்பட்ட பிள்ளை இல்லை அவள். "அன்னைக்கு நான் ஒரு மணி நேரம் நனைஞ்சேன்" என்றாள். "அதுக்கு அப்புறம் நீ வந்ததும், ஏன் தரையெல்லாம் ஈரம்னு கேட்டே."

"கேட்டேனா?"

"கேட்டே."

"மன்னிச்சுக்கோ." அந்த வார்த்தையை வெளியே எடுப்பது, பல் பிடுங்குவது போல இருந்தது. மகள் அடுத்த துண்டை எடுத்து மடித்தாள். ஆனால் எழுந்து போகவில்லை. கணவர் செருப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டிலிலேயே வைக்கப் போக, "துணி மேலயா?" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

அடுத்த வாரமே கட்டுப்பாட்டு அறையை மூடுவதாக அறிவித்தார்கள். புதிய முதலாளிகளுக்கு வேறு நகரத்தில் பெரிய அழைப்பு மையம் இருந்தது. விரும்புகிறவர்கள் அங்கே போகலாம், மற்றவர்கள் மாதக் கடைசியோடு நின்றுகொள்ளலாம். வெண்கலம் போகிறேன் என்று கையைத் தூக்கினான். அவள் தூக்கவில்லை. மேனேஜர் அவளிடம் வந்து, "எனக்கு நிஜமாவே முந்தாநாள்தான்மா தெரிஞ்சுது" என்றார். இந்தத் தடவை அது உண்மையாக இருக்கலாம் என்று தோன்றியது. அதனால் எரிச்சல் குறைந்ததா என்றால், இல்லை. திட்டுவதற்கு ஒரு முகம் இருந்தால் அதுவும் ஒரு வசதிதான். அதுவும் போயிற்று.

அன்று மாலை வீட்டில் நுழைந்ததும், காலில் இருந்து செருப்பைக் கழற்றும் முன்பே, "மூடறாங்க. மாசக் கடைசி" என்று சொல்லிவிட்டாள். கணவர் வழக்கம்போல நெஞ்சில் கை வைத்தார். பிறகு கையை எடுத்துவிட்டு, "சரி, உட்காரு, பேசலாம்" என்றார். பேசினார்கள். நடுவில் அவள் ஒரு தடவை கத்தவும் செய்தாள். கத்துகிறாய் என்று மகள் சொன்னாள். தெரியுது என்று சொல்லிவிட்டு, கத்தாமல் மீதியைச் சொல்லி முடித்தாள்.

விடுமுறை எடுத்துக்கொண்டு, மகளோடு பஸ் ஏறி அந்த வெளியூர்க் கல்லூரிக்குப் போனாள். நேரில் போய்க் கேட்டால் ஏதாவது வழி இருக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சேர்க்கைப் பிரிவின் ஜன்னலுக்கு முன்னால் வரிசை நகரவே இல்லை. மின்விசிறிக்கு நேர் கீழே இடம் கிடைக்காதவர்கள் எல்லாம் கையில் இருந்ததை வைத்து விசிறிக்கொண்டார்கள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மா, தலையை நிமிர்த்தாமலே ஒவ்வொருவரையும் வேறு எங்கோ அனுப்பிக்கொண்டிருந்தார்.

முறை வருவதற்கு முன்னால் பஞ்சு மனதுக்குள் பேச்சைத் தயார் செய்தாள். எப்படி ஆரம்பித்து எங்கே குரலை இறக்கினால் அந்த அம்மா நிமிர்வார் என்று அவளுக்குத் தெரியும். அதற்குத்தான் இத்தனை வருஷம் சம்பளம் வாங்கியிருக்கிறாள். தொண்டையைச் செருமிக்கொண்டபோது மகளைப் பார்த்தாள். மகளும் உதட்டை அசைத்து ஏதோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பேசவா, நீ பேசறியா?" என்று கேட்டாள்.

மகள் கொஞ்சம் திகைத்தாள். "நான் பேசறேன்."

பேசினாள். சரியாகவே பேசவில்லை. கடைசியில் சொல்ல வேண்டியதை முதலில் சொன்னாள், முக்கியமானதை விழுங்கினாள், நடுவில் குரல் நடுங்கியது. பின்னால் நின்ற பஞ்சுவுக்கு உள்ளங்கை அரித்தது. குறுக்கே பாய்ந்து இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட வேண்டும் போல இருந்தது. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு நொடியும் பிடிக்கவில்லை.

"தேதி முடிஞ்சு போச்சும்மா" என்றார் ஜன்னல் அம்மா. "இவ்வளவு நாள் என்ன பண்ணினீங்க?"

"போடக் கூடாதுன்னு நானே முடிவு பண்ணிட்டேன் மேடம்" என்றாள் மகள். "வீட்ல யாரையும் கேக்காம. தப்புன்னு இப்பத்தான் தெரியுது."

அந்த அம்மா முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு, அப்படியொன்றும் இளகிவிடவில்லை. சேர்ந்தவர்களில் யாராவது விலகினால் இடம் வரும், அதற்கு வேறு வரிசையில் பெயர் கொடுக்க வேண்டும், அந்த ஆள் இன்று வரவில்லை, அடுத்த திங்கட்கிழமை வந்து பார்க்கச் சொன்னார். கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

வெளியே வந்தார்கள். வெயில் கொளுத்தியது. திரும்பும் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.

"முதல்லயே அந்த விலகற விஷயத்தைக் கேட்டிருக்கணும்" என்றாள் பஞ்சு.

"தெரியும்மா."

"குரலும் நடுங்கிச்சு."

"அதுவும் தெரியும்."

இன்னும் சொல்ல நிறைய இருந்தது. ஒரு பட்டியலே இருந்தது. அவள் எச்சிலைக் கூட்டி விழுங்கினாள். "தண்ணி வாங்கிட்டு வரவா?" என்றாள்.

"வாங்கு. ஜில்லுனு வேணும்."

சாலையைக் கடந்து கடைக்குப் போனாள். ஜில்லென்று இல்லை, கரண்ட் போய் நேரமாயிற்று என்றான் கடைக்காரன். கரண்ட் போனால் சொல்லி வைக்கக் கூடாதா, ஜில் தண்ணீர் என்று போர்டு மட்டும் எதற்கு என்று அவனிடம் சுள்ளென்று விழுந்தாள். விழுந்ததும் தெரிந்தது. அவன் வாயைத் திறப்பதற்குள், "சரி விடுங்க, வேற கவலைல இருக்கேன். உங்க மேல என்ன தப்பு" என்று சொல்லிவிட்டு, வெதுவெதுப்பான பாட்டிலையே வாங்கிக்கொண்டு வந்தாள்.

மகள் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "இது என்னம்மா, வென்னீர்."

"குடி. திங்கட்கிழமை வரும்போது வீட்லேருந்தே எடுத்துட்டு வரலாம்" என்றாள் அவள்.